பாஸ்ராவுக்கு ஆள் எடுக்கும் மேசை

பினாங்குத் துறைமுகக் கிடங்கின் வாசலில், கொதிக்கிற வெயிலில், அரபு நாட்டுப் பாஸ்ராவுக்குப் போக ஆள் எடுக்கிறார்கள். பட்டாளத்துக் கப்பல்களில் மூட்டை இறக்கும் வேலை. மேசைக்குப் பின்னால் பெயர் பதியும் கிராணி வேதமுத்து, கோட்டுப் பித்தானைக்கூடக் கழற்றாமல், "நம்ம இங்கிலீஷ் ராஜாவுக்கும் துருக்கிக்கும் சண்டை, நாமதான் போய் நிக்கணும்" என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். வரிசையின் முன்னால் நிற்பவன் சூசை. மை தடவிய அவன் கட்டைவிரல் காகிதத்தில் இறங்கப்போகும்போது, அக்கா அருளாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவன் மணிக்கட்டைப் பிடிக்கிறாள். போன வருடம் இதே மேசையில் கைநாட்டு வைத்துவிட்டுப் போன அவள் புருஷன், அங்கே காய்ச்சலில் செத்துப்போனான். எங்கே புதைத்தார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

"கைய விடுக்கா, எல்லாரும் பாக்கறாங்க" என்கிறான் சூசை. அவள் விடவில்லை, கிராணியைத்தான் பார்க்கிறாள். "துருக்கிக்காரன் எங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சான், ஐயா? அத மட்டும் சொல்லுங்க, நானே இவன அனுப்பி வைக்கிறேன்." கிராணியின் முகம் கறுக்கிறது. "போலீசக் கூப்பிட்டா உள்ள போயிருவ, தெரியும்லா?"

"கூப்பிடுங்க. அப்படியே உங்க மகனையும் கூப்பிடுங்க. அவன் ஏன் வரிசையில இல்ல?"

கடல் பக்கமிருந்து ஒரு கப்பல் நீளமாக ஊதுகிறது. சூசை விரலைக் கைலியில் தேய்க்கிறான். மை போகவில்லை, இன்னும் அழுத்தித் தேய்க்கிறான். "அடுத்த ஆள்" என்கிறார் கிராணி, யார் முகத்தையும் பார்க்காமல். வரிசையில் ஒருவரும் காலெடுத்து வைக்கவில்லை.