முதலாளி ஏற்றிய வெள்ளி

உப்பளத்தில் கடிகாரத்துக்குத் தடை. விடிவெள்ளி முளைத்தால் வேலை தொடங்கும். குடிசை குடிசையாகப் போய் எழுப்புகிறவன் கங்காணி ஞானமுத்து. கூடப்பிறந்த அண்ணன் பொய் சொல்வானா என்று செல்லக்கனியும் பால்குடிப் பிள்ளையை விட்டுவிட்டு ஓடுவாள்.

குனிந்தால் நிமிர விடாத வேலை. இன்று இடுப்புவலி தாங்காமல் நிமிர்ந்தாள். மற்ற நட்சத்திரங்களெல்லாம் மேற்கே நகர்ந்திருக்க, வெள்ளி மட்டும் ஆணியடித்தாற்போல் நின்றது.

“அண்ணே, அது ஏன் நகரல?”

“அது மொதலாளி ஏத்திவிட்ட வெள்ளிடி. வாய மூடிக்கிட்டு உப்ப வாரு.”

வெகுநேரம் கழித்துத்தான் கிழக்கே அசல் வெள்ளி எழுந்தது. அதற்கும் பிறகு, அண்ணன் பெண்டாட்டி கொட்டாவி விட்டபடி பாத்திக்கு வந்தாள்.

செல்லக்கனியின் ரவிக்கை பால் சுரந்து நனைந்திருந்தது. அண்ணனைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

“வாங்க மதினி, நல்லாத் தூங்குனியளா?”