கை எட்டும் இடம்

நீலக் குடை மேஜை மேல்தான் இருந்தது. ஆனால் அதைச் சுற்றி ஒருத்தி இல்லை, மூன்று பேர் இருந்தார்கள்.

லம்பா லைன் டீக்கடை வாசலிலேயே நின்றுவிட்டேன். ஒருத்தியைப் பிடித்து உலுக்குவதற்கென்று கிளம்பி வந்தவள் நான்.

என் கணவர் அருண்பிரசாத்தின் போனில் வந்த செய்தி எனக்கு மனப்பாடம். 'ஞாயிறு நாலு மணி, லம்பா லைன் டீக்கடை, நீலக் குடை.' குழுவின் பெயர் ஆர்க்கிட் தோட்டம். எங்கள் வீட்டுத் துளசிக்கே நான்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும், இவருக்கு ஆர்க்கிட்!

அதனால் மதியமே அவரை புரோத்ராபூரில் இருக்கிற என் அம்மா வீட்டுக்குத் தேங்காய் உரிக்க அனுப்பிவிட்டேன். போகும்போது முகம் தொங்கிப்போயிருந்தது. எனக்கு அந்தச் சாட்சியே போதும்.

சும்மா சந்தேகப்படுகிறவள் இல்லை நான். அவர் உடம்பில் பார்த்தேன். இடது தோளில் சிவப்பாக நீள நீளக் கோடுகள். இடது தொடையிலும். கேட்டதற்கு, படகுத்துறையில் படகு ஏறும்போது உரசிவிட்டது என்றார். அது எப்படி, எப்போதும் ஒரே பக்கமாகவே உரசும்?

சட்டையும் கைலியும் மறைக்கிற இடமாகப் பார்த்து வைத்திருக்கிறாள், கெட்டிக்காரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று பேரையும் அளந்தேன். கண்ணாடி போட்ட ஒரு ஆள். சங்கு வளையல் போட்ட பெங்காலி அம்மா, அறுபது வயது இருக்கும். பொட்டும் காட்டன் புடவையுமாக ஒரு தமிழ்ப் பெண், என்னைவிடக் கொஞ்சம் சின்னவள். ஆக, இவள்தான். எங்கேயோ பார்த்த முகமாக வேறு இருந்தது. இந்தச் சின்னத் தீவில் எல்லா முகமும் பார்த்த முகம்தான்.

பக்கத்து மேஜைக்காரன் அவர்களிடமிருந்து ஒரு நாற்காலியை இழுத்தான்.

"நஹி பையா, ஆத்மி ஆனேவாலா ஹை," என்று அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். ஆள் வரப்போகிறதாம்.

அப்போதுதான் கவனித்தேன், காலி நாற்காலி இரண்டு இருந்தது. வரவேண்டியவர் ஒருவர். இரண்டு எதற்கு?

நேராகப் போய் நின்றேன். "அருண்பிரசாத் வரமாட்டார். நான் அவர் பொண்டாட்டி."

கண்ணாடிக்காரர் முகம் வெளிறிப்போனது. நான் ஒரு சத்தம் போட்டால் போதும், நாளைக்கு இவர்கள் வேலைக்குப் போக முடியாது, தெருவில் நடக்க முடியாது. சத்தம் போடத்தான் வந்திருந்தேன்.

அந்தப் பெண் எழுந்தாள். "நளினி அக்காவா? உக்காருங்க. உங்களுக்கும் சேத்துத்தான் எப்பவும் குர்சி போட்டு வைக்கிறோம். வீட்ல சொல்லிட்டுக் கூட்டிட்டு வரேன், கூட்டிட்டு வரேன்னு சொல்லிட்டே இருப்பாரு."

என் பெயர் அவள் வாயில் வந்ததே எனக்குப் பிடிக்கவில்லை. நான் உட்காரவில்லை.

அவள் பெயர் பானு. குரலைத் தாழ்த்திக்கொண்டு, தங்களுக்கு அடி வாங்குகிற வலி பிடித்தமானது என்றாள். கண்ணில் தண்ணீர் வர வரக் காரத்தை இன்னொரு வாய் கேட்டுச் சாப்பிடுகிற மாதிரி. நம்புகிறவர் கையால், கேட்ட அளவுக்கு மட்டும். போதும் என்றால் அந்த நிமிடமே நிறுத்திவிட வேண்டும். கண்ணாடிக்காரர் அவள் புருஷன். அவர் குனிந்து டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். சென்னையில் இப்படி நிறையப் பேர் கூடுகிறார்களாம். இங்கே பயந்து பயந்து தேடிச் சேர்ந்தது இவ்வளவுதானாம்.

நான் நம்பவில்லை. மாட்டிக்கொண்டவர்கள் என்ன வேண்டுமானாலும் சொல்வார்கள்.

"அப்ப அவர் தோள்ல இருக்கிற கோடெல்லாம் யார் வேலை? உன்னோடதா, உன் புருஷனோடதா?"

"அவரைப் பத்தி அவர்கிட்டதான் கேக்கணும்க்கா. ஆனா எங்க யார் கையும் அவர் மேல பட்டதில்ல. வீட்டுக்குத் தெரியாம வர்றவங்களுக்கு இங்க டீ மட்டும்தான். அது எங்க ரூல்."

"சிர்ஃப் சாய்," என்று அதையே ஹிந்தியில் சொன்னாள் பெங்காலி அம்மா, எல்லாம் புரிந்த மாதிரி.

பொய் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என்னை அறியாமல் என் வலது கை இடது தோளுக்குப் போனது. விரல்கள் தோளைத் தாண்டிக் கொஞ்சதூரம் போயின. அதற்கு மேல் எட்டவில்லை.

அவர் நடு முதுகில் ஒரு கோடுகூடக் கிடையாது. எண்ணெய் தேய்த்து விடுகிறவள் நான், எனக்குத் தெரியும். வலது தோளில் கிடையாது, வலது தொடையில் கிடையாது. அவருடைய வலது கை குறுக்கே வீசினால் எட்டுகிற இடத்தில் மட்டும்தான்.

கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக, தனக்குத்தானே.

அழுகை வந்துவிட்டது. கோபமும் போகவில்லை. ஒரே கட்டிலில் படுக்கிறவளிடம் சொல்லாததை இவர்களிடம் வந்து சொல்லியிருக்கிறார்.

போனை எடுத்தேன். "தேங்கா உரிச்சது போதும், லம்பா லைனுக்கு வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் எதுவும் கேட்பதற்குள் வைத்துவிட்டேன்.

பக்கத்து மேஜைக்காரன் மறுபடியும் நாற்காலிக்குக் கை நீட்டினான்.

"ஆத்மி ஆனேவாலா ஹை," என்றேன்.

ஒன்றில் உட்கார்ந்து, மற்றதன் மேல் என் கைப்பையை வைத்தேன்.