முகம் தெரியாத படம்

செருப்பைக் கழற்றும்போதே அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது, மகள் பார்த்துவிட்டாள்.

பதினான்கு வயது. சாப்பாட்டு மேசையில் போனை வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். திரையில் அவர் காலையில் ஏற்றிய செய்தி.

இணையப் பத்திரிகையில் துணை ஆசிரியர். தலைப்பு வைப்பதில் ஆபீசில் அவரை அடிக்க ஆள் கிடையாது.

ஆணாகவோ பெண்ணாகவோ மாற விரும்பும் சிறுவர்களுக்கான சிகிச்சை பற்றிய கட்டுரை அது. அவசரமே படமாட்டோம், மாதக்கணக்கில் பிள்ளையோடு பேசுவோம் என்று அதில் ஒரு டாக்டர் சொல்லியிருந்தார். நிதானமாகப் பேசுகிறவரை எவன் படிப்பான்? அந்தப் பத்தியைத் தூக்கினார். 'பெற்றோரே, உங்கள் பிள்ளை பத்திரமா?' என்று தலைப்பு வைத்தார்.

படம்தான் சிக்கவில்லை. ஊரார் பிள்ளையைப் போட்டால் வழக்கு வரும். தன் போனைத் துழாவினார். ஒரு படத்தில் ஜன்னலோரம் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறாள் மகள். கிராப்பு வெட்டிய தலை. முகமே தெரியவில்லை, யாருக்குத் தெரியப்போகிறது?

போட்டுவிட்டார். அறிவுகெட்ட மனுஷன்!

மதியத்துக்குள் இரண்டு லட்சம் பேர். கீழே ஆளாளுக்கு வைத்தியம். இரண்டு அறை விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒருவர். போனைப் பிடுங்கி அடுப்பில் போடு என்று இன்னொருவர். பெற்றவளைச் சொல்லணும் என்று ஒரு அம்மணி.

மனைவி போன் போட்டு அவரை நார் நாராகக் கிழித்தாள். அவர் எடிட்டரிடம் போய்ப் படத்தை மாற்றட்டுமா என்று இழுத்தார். நன்றாக ஓடுகிறது, கை வைக்காதே என்றார் எடிட்டர். சரி சார் என்று தலையாட்டிவிட்டு வந்தார்.

அந்தத் தலையை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்றுதான் இப்போது தெரியவில்லை. பெற்ற பிள்ளையை, வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவலாகப் போட்டாயிற்று. வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது.

சமாதானம் ஒன்றை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தார். சும்மா ஒரு படம்தாம்மா, உன்னைப் போய் அப்பா அப்படி நினைப்பேனா?

வாயைத் திறந்தார். அதற்குள் அவள் பேசிவிட்டாள். கோபமே இல்லை குரலில், பயம்தான் இருந்தது.

"நான் இன்னும் அம்மாகிட்டகூட சொல்லலை. உங்களுக்கு எப்படிப்பா தெரிஞ்சுது? அதனாலதான் இப்படி எழுதினீங்களா?"