சாம்பலான பதிவேடு

"அந்த ஆளை எதுக்கு உள்ளே விட்டே?" மிர்த்தாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"புத்தகத்துக்குத் தகவல் சொல்லணுமாம். சால்ட்டோவுலேர்ந்து பஸ் ஏறி வந்திருக்கார் பாவம்" என்றாள் எலிடா.

"பாவமா? வில்மாரா?"

மொண்டெவிடியோவில் தாங்கள் படித்த பல்கலைக்கழகத்தின் மாணவர் வரலாற்றைப் பழைய மாணவர்கள் புத்தகமாகக் கொண்டுவருகிறார்கள். எந்த வருஷம் யார் கோப்பை வாங்கினார்கள், யார் நாடகம் போட்டார்கள் எல்லாம் கிடைத்துவிட்டது. எழுபதிலிருந்து எழுபத்து மூன்று வரை மட்டும் வெறும் பக்கங்கள்.

காரணம், இந்த வில்மார்தான். மாணவர் சங்கத் தேர்தலில் தோற்ற மறுநாள், பட்டப்பகலில், சங்கத்தின் பதிவேடுகளை முற்றத்தில் போட்டுக் கொளுத்தியவர். படிப்பு போயிற்று. ஊரைவிட்டுப் போய் ஆரஞ்சு லாரி ஓட்டினார் என்று கேள்வி.

அந்த வருஷம்தான் மிர்த்தாவின் கூடைப்பந்து அணி நாட்டிலேயே முதலாவதாக வந்திருந்தது. இப்போது அவள் பேரன்கூட நம்பமாட்டேன் என்கிறான்.

வில்மார் தொப்பியைக் கழற்றினார். "மிர்த்தா, நான் சொல்லச் சொல்ல எழுதிக்கிறியா?"

"என்னத்தை எழுத? எழுதி வெச்சதைத்தான் கொளுத்திட்டியே!"

அவர் உட்கார்ந்து ஆரம்பித்தார். "தெல்மிரா, பல் மருத்துவம், சதுரங்கத்துல ரெண்டாவது. எபெர், கால்நடை மருத்துவம், கால்பந்து கோல் கீப்பர், இடது கை விரல் உடைஞ்சும் விளையாடினான். கூடைப்பந்துல நீ, ஸுல்மா, அந்த உயரமான நிடியா..."

மிர்த்தாவின் பேனா தானாக ஓட ஆரம்பித்தது. இருபது பெயர். நாற்பது. எலிடா ஊற்றிய மாட்டே தேநீர் ஆறிப்போனது.

"இத்தனையும் எப்படி ஞாபகம் இருக்கு?"

"மூணு வருஷம் அந்தப் பதிவேட்டை எழுதினதே நான்தானே? மறந்துடக் கூடாதுன்னு லாரி ஓட்டும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துப்பேன்."

பேனா நின்றது. "அவ்வளவு ஆசையா எழுதினதை ஏன்டா எரிச்சே?"

"ஆட்சியைப் பிடிச்ச ராணுவம் சங்கத்து ஆளுங்களோட பேரெல்லாம் கேட்டு வருதுன்னு வாசல் காவலாளி ஓடிவந்து சொன்னார். அரை மணி நேரம்தான் இருந்துது."

வில்மார் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார்.

"பதினோரு நாள் வெச்சு விசாரிச்சாங்க. தேர்தல்ல தோத்த வயித்தெரிச்சல்னு ஒரே பதில்தான் சொன்னேன். நம்பி விட்டுட்டாங்க."

மிர்த்தா பேனாவைக் கீழே வைத்தாள். "எங்ககிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா! நாங்க உன்னை எப்படியெல்லாம் திட்டினோம்..."

வில்மார் சிரித்தார்.

"நீங்க அத்தனை பேரும் மனசாரத் திட்டினதாலதானே அவங்க நம்பினாங்க? சரி, எழுது. இன்னும் நிறையப் பேர் இருக்காங்க."