தனியறையில் கேட்ட குரல்

மணிவேல் ஏன் டியூப் லைட்டை உடைக்கிறான் என்று கொல்கத்தாவின் அந்தச் சிறையில் யாருக்கும் புரியவில்லை. உடைத்தால் தண்டனை தனியறை. வெளியே விட்ட மறுநாளே வார்டில் இன்னொரு லைட் காலி.

"உள்ள தனியா உக்காந்து சிரிக்கிறான் தீதி!" சிறை சூப்பிரண்டு தத்தா மனநல நிபுணர் வசுமதியிடம் வங்க மொழியில் புலம்பினார். "மறுபடி தனியறைன்னாலும், பைத்தியம்னு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இவனோட முன்விடுதலை போச்சு."

தனியறைக்கு அனுப்புமுன் கைதியின் மனநிலையைச் சோதிக்க வேண்டும். நாமக்கல் லாரி டிரைவரான மணிவேலுக்குத் தமிழ் தவிர எதுவும் வராது. அதனால் தமிழர்கள் அதிகம் வாழும் லேக் மார்க்கெட்டிலிருந்து, தமிழ் பேசும் வசுமதியை வரவழைத்திருந்தார்கள். சோதனை எளிதுதான். தூக்கம், பசி, குரல் என்று கேட்டுக்கொண்டே போனால், மனம் வழுக்கும் இடத்தில் பதிலும் வழுக்கும்.

மணிவேலை அழைத்து வந்த தனியறைக் காவலர் முகமது இஸ்மாயில், கூரையைப் பார்த்தபடி வாசலில் நின்றார்.

"தூக்கம் வருதா?"

"வார்டுல வராதும்மா. தனியறையில ஜோரா வரும்."

"காதுல ஏதாவது குரல் கேக்குதா?"

"கேக்குதே! தனியறையில மட்டும்."

வசுமதி அதை வங்க மொழியில் சொன்னதும் தத்தா துள்ளினார். "பாத்தீங்களா! ஆஸ்பத்திரிக்கு எழுதுங்க!"

"இருங்க சார்." அவள் திரும்பினாள். "குரல் என்ன சொல்லுது?"

"லேக் மார்க்கெட்ல சின்ன வெங்காயம் வரத்தே இல்லையாம். கடைக்காரரு நாளைக்கு வாங்கன்னு விரட்டுறாராம்."

வசுமதியின் பேனா நின்றது. காலையில் அவளையும் கடைக்காரர் அப்படித்தான் விரட்டியிருந்தார். பிரமைக்கு வெங்காய வரத்து தெரியாது.

"குரல் எந்தப் பாஷையில பேசுது?"

"தமிழ்லதான். பெங்காலின்னா நான் எதுக்கு லைட்டை உடைக்கிறேன்? வார்டுல நூறு பேரு சீட்டாடிக்கிட்டுக் கெக்கெக்கேன்னு சிரிக்கிறானுங்க. நான் ஆந்தை மாதிரி முழிச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"சரி, யாரு குரல் அது?"

"அத மட்டும் கேக்காதீங்கம்மா. குரலுக்கு வேலை போயிடும்."

தமிழ் புரியாத தத்தா கொட்டாவி விட்டார். வாசலில் இஸ்மாயில் சிரிப்பை மீசைக்குள் அமுக்கப் பார்த்தார். முடியவில்லை, தொப்பி குலுங்கியது.

வசுமதி அவரைப் பார்த்தாள். அவர் அவசரமாகக் கூரையைப் பார்த்தார். அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"என்ன எழுதப் போறீங்க? பைத்தியமா, தனியறையா?" என்றார் தத்தா.

"ரெண்டும் வேணாம் சார். இஸ்மாயிலை வார்டு டியூட்டிக்கு மாத்துங்க, இனிமே ஒரு லைட்டும் உடையாது."