ஏழாம் ஆளுநரின் இரண்டாவது வரி

ஆளுநர் மாளிகை நடைக்கூடத்தில் பழைய ஆளுநர்களின் படங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. காலை வெயில் ஏழாமவரின் மீசையில் ஏறி நிற்கிறது. படத்தின் கீழே அவரவர் செய்த நல்லதை மட்டும் எழுதுவது அங்கே வழக்கம். வரலாறு படித்துவிட்டுத் தற்காலிக வேலைக்கு வந்தவள், ஏழாமவருடைய பித்தளைத் தகட்டில் இரண்டு வரி பொறித்துத் திருகாணியால் முடுக்கியிருக்கிறாள்: பள்ளிகள் திறந்தார். ஊர்வலத்தைச் சுட உத்தரவிட்டார். "ரெண்டாவது வரி எதுக்கும்மா? உனக்கு வேலை நிரந்தரமாக வேண்டாமா? பேசாம கழட்டு" என்று கண்காணிப்பாளர் பல்லைக் கடிக்கிறார். "ரெண்டு உத்தரவுலயும் அவர் கையெழுத்துதான் சார் இருக்கு." அவள் திருப்புளியை அவரிடமே நீட்டுகிறாள். "நீங்களே கழட்டுங்க. யார் கழட்டினாங்கன்னு மூணாவது வரியில போட்டுடறேன்." கண்காணிப்பாளரின் இரண்டு கைகளும் மெல்ல முதுகுக்குப் பின்னால் போய்க் கோத்துக்கொள்கின்றன.