பாலத்துக்கு நாலாவது கல்

தீவின் படகுத்துறையில், வராத பாலத்துக்கு நட்ட மூன்று அடிக்கற்கள் வரிசையாக நின்றன. தேர்தல் முடிந்த மாதம் நாலாவது கல் படகில் வந்து இறங்கியது. பளிங்கு உடம்பு, கழுத்தில் ரோஜா மாலை.

"அடுத்த வருஷம் என் மேலதான் பாலம் நிக்கும்" என்றது அது.

"சந்தோஷம். உன் நெஞ்சுல யார் பேரு?" என்று கேட்டது முதல் கல்.

"எம்.பி. சவரிராயன்."

"எங்க மூணு பேர் நெஞ்சுலயும் அவர் பேருதான். கட்சிதான் ஒவ்வொரு தடவையும் வேற."

புதுக்கல் நம்பவில்லை. மறுநாள் மாலையை ஆடு தின்றது. அதற்கடுத்த நாள் ஒரு பெண் வந்து அதன் தலைமேல் வாளைமீனைக் காயப்போட்டாள்.

"நான் பாலத்துக்கு வந்தவன்" என்று முறைத்தது கல். அவள் இன்னும் இரண்டு மீனைப் போட்டாள்.

ஐந்து வருஷம் கழித்து, சவரிராயன் புதுச் சின்னத்தில் நின்று ஜெயித்தார். ஐந்தாவது கல் மாலையோடு வந்து பக்கத்தில் நின்றது. பாலம் எந்தப் பக்கம் வரப்போகிறது என்று ஆவலாகக் கேட்டது.

"அதை அப்புறம் பாத்துக்கலாம்" என்றது நாலாவது கல். "கொஞ்சம் தள்ளி நில்லு, என் மீனுக்கு வெயில் மறைக்குது."